இலியன் பைப்புக்கு நல்ல சீவாளி: புதிதாகக் கற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் பை இசைக்கருவியான இலியன் பைப்பைக் கற்கத் தொடங்கும் ஒருவர் முதல் சில மாதங்களில் படும் தொல்லைகளில் பெரும்பகுதி அவருடைய விரல்களால் வருவதில்லை. சாண்டர் எனப்படும் இசைக்குழலின் தலைக்குள், மூடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கும் சிறிய நாணல் சீவாளியிலிருந்தே அவை வருகின்றன. சீவாளி சரியாக இருந்தால் குறைந்த விலைச் சாண்டரிலும் மனநிறைவாகப் பயிற்சி செய்யலாம். அது சரியில்லை என்றால் தேர்ந்த கைவினைஞர் செய்த விலையுயர்ந்த கருவியும் கரகரப்பதோடு நின்றுவிடும். ஆகவே கருவி வாங்கும்போது எவ்வளவு கவனம் செலுத்துகிறோமோ, அதே அளவு கவனத்தைச் சீவாளி பெறுவதிலும் செலுத்த வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை இந்த வழிகாட்டி முறையாக எடுத்துரைக்கிறது.

கருவியின் அமைப்பும் சீவாளியின் இடமும்

இலியன் பைப்பை வாயால் ஊதுவதில்லை. வலக்கை முழங்கையின் கீழ் கட்டப்பட்ட துருத்தி காற்றை இடக்கையின் கீழ் உள்ள பைக்கு அனுப்புகிறது. பையை அழுத்தும்போது அந்தக் காற்று சாண்டருக்குள் புகுந்து சீவாளியை அதிரச் செய்கிறது. துருத்தி, பை, சாண்டர் ஆகிய மூன்று மட்டும் உள்ள தொகுப்பே பயிற்சித் தொகுப்பு. அதனுடன் ஒரே ஸ்வரத்தை இடைவிடாமல் ஒலிக்கும் ட்ரோன் குழல்கள் மூன்று சேர்ந்தால் அரைத் தொகுப்பு. மேலும் சாவிகளை அழுத்தித் துணை ஸ்வரங்களை ஒலிக்கும் ரெகுலேட்டர் குழல்கள் மூன்று சேர்ந்தால் முழுத் தொகுப்பு. முழுத் தொகுப்பில் மொத்தம் ஏழு சீவாளிகள் உண்டு: சாண்டருக்கு ஒன்றும் ரெகுலேட்டர்களுக்கு மூன்றும் இரண்டு இதழ் கொண்டவை, ட்ரோன்களுக்கான மூன்றும் ஒற்றை நாக்கு கொண்டவை. புதிதாகக் கற்பவர் கவலைப்பட வேண்டியது சாண்டர் சீவாளியைப் பற்றி மட்டுமே. மற்ற ஆறும் பின்னர் வரட்டும்.

காற்று துருத்தியிலிருந்து வருவதால் அது உலர்ந்த காற்று. நாதஸ்வரத்தின் சீவாளி வாசிப்பவரின் வாயில் நனைந்து, ஈரத்தோடு ஒலிக்கிறது. இலியன் பைப்பின் சீவாளியோ ஒருபோதும் நனையக் கூடாது. அது உலர்ந்த நிலையில் ஒலிப்பதற்காகவே செய்யப்படுகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பல விளைவுகள் பிறக்கின்றன. உமிழ்நீர் படாததால் நன்றாகச் செய்யப்பட்ட சீவாளி பல ஆண்டுகள் உழைக்கும். அதே வேளையில், தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் எவ்வளவோ அதற்கு ஏற்ப அது வளைந்தும் விரிந்தும் கொடுப்பதால், வானிலை மாறினால் குரலும் மாறும். வாயால் ஊதிப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். மூச்சில் உள்ள ஈரம் சீவாளியின் மெல்லிய வாய்ப்பகுதியை உருக்குலைத்துவிடக் கூடும் என்பதால் கற்பவர்கள் அதை முற்றிலும் தவிர்ப்பது நல்லது.

சீவாளியின் உறுப்புகளை அறிந்து வைத்திருந்தால்தான் அதைச் செய்பவரோடு பேச முடியும். அருண்டோ டோனாக்ஸ் என்னும் நாணல் இனத்தின் தண்டிலிருந்து வெட்டிய இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று முகம் பார்த்து நிற்கும். தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினிலும் விளையும் நாணல் இதற்குப் பெயர்பெற்றது. இதழ்களின் அடிப்பகுதி ஸ்டேப்பிள் எனப்படும் சிறிய உலோகக் குழாயின் மேல் மெழுகு பூசிய நூலால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். பித்தளையிலோ செம்பிலோ ஆன அந்தக் குழாய், இதழ்களுக்குள் இருக்கும் முனையில் தட்டையாக நசுக்கப்பட்டிருக்கும். கட்டுக்கு மேலே இதழ்களைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டையோ கம்பியோ உண்டு. அதற்குப் பிரைடில் என்று பெயர். இதழ்களின் மேற்புறம் வாயை, அதாவது அவற்றின் மேல் முனைகளுக்கு இடையே உள்ள திறப்பை, நோக்கிச் சீவி மெலிதாக்கப்பட்டிருக்கும். டி (மேற்கத்திய ஸ்வரப் பெயரான D) சுருதிச் சாண்டருக்கான சீவாளியில் ஸ்டேப்பிள் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் நீளமும், இதழின் அகலம் 12 அல்லது 13 மில்லிமீட்டரும் இருக்கும். இவை தோராயமான அளவுகளே. ஒவ்வொரு கைவினைஞரும் தமக்கென ஓர் அளவு வைத்திருக்கிறார்.

சாண்டரும் சீவாளியும் ஒரே கருவி

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. இலியன் பைப் உலகில் எல்லாச் சாண்டருக்கும் பொருந்தும் பொதுச் சீவாளி என்று ஒன்று கிடையாது. கடையில் கிளாரினெட்டுக்கு வாங்குவது போலப் பெட்டியில் எண் பார்த்து வாங்க முடியாது. சாண்டரின் உட்குழாய் கூம்பு வடிவில் விரிந்து செல்கிறது. அந்தக் கூம்பின் கோணம், தொண்டைப்பகுதியின் அகலம், சீவாளி அமரும் குழியின் ஆழம் ஆகியவை கைவினைஞருக்குக் கைவினைஞர் வேறுபடுகின்றன. சீவாளியின் இதழ்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும் ஸ்டேப்பிளின் உட்புறமும் அந்தக் கூம்பின் தொடர்ச்சியாகவே வேலை செய்கின்றன. இரண்டும் இணையவில்லை என்றால் கீழ் டி ஸ்வரமும் அதன் மேல் ஸ்தாயி டி ஸ்வரமும் ஒன்றோடொன்று சேராது. எந்தச் சரிசெய்தலும் அதை முழுமையாகக் குணப்படுத்தாது.

இதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பழைய கருவிகளில் பல சி, பி, பி ஃபிளாட் போன்ற தாழ்ந்த சுருதிகளில், குறுகிய உட்குழாயோடு, மென்மையான குரலுக்காகச் செய்யப்பட்டவை. அயர்லாந்தின் டுரோகெடாவிலிருந்து அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குக் குடியேறிய டெய்லர் சகோதரர்கள் பெரிய அரங்குகளில் கேட்கும்படி அகன்ற உட்குழாய் கொண்ட, டி சுருதிக்கு நெருங்கிய உரத்த கருவிகளைச் செய்தார்கள். பின்னர் டப்ளினில் லியோ ரௌசம் (1903-1970) போன்றோர் செய்த டி கருவிகளும் அந்தப் பாதையிலேயே சென்றன. இன்று புதியவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது இந்த டி சாண்டர்தான். ஆனால் டி என்று ஒரே பெயர் கொண்ட இரண்டு சாண்டர்கள்கூட வெவ்வேறு மூல வடிவங்களைப் பின்பற்றியவையாக இருக்கலாம். ஒன்றுக்குச் செய்த சீவாளி மற்றொன்றில் தடுமாறுவதில் வியப்பில்லை.

ஆகவே, நீங்கள் பெற வேண்டியது உங்கள் சாண்டரில் பொருத்தி, அதிலேயே வாசித்துப் பார்த்து முடிக்கப்பட்ட ஒரு சீவாளி. எவ்வளவு புகழ்பெற்றவர் செய்ததாக இருந்தாலும், உங்கள் சாண்டரைப் பார்க்காமல் அஞ்சலில் வரும் சீவாளியை ஒரு சோதனை முயற்சியாகவே கருத வேண்டும்.

முதல் படி: சீவாளியை மனத்தில் வைத்துச் சாண்டரைத் தேர்ந்தெடுத்தல்

நீங்கள் இன்னும் கருவி வாங்கவில்லை என்றால் உங்கள் நிலை மிகவும் வசதியானது. சாண்டர் செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை இவை: வேலை செய்யும் சீவாளியோடு சாண்டர் வருகிறதா? சீவாளியைச் செய்பவர் அவரேதானா, அல்லது வேறொருவரா? பிற்காலத்தில் அது கெட்டுப்போனால் இன்னொன்று செய்து தருவாரா? அவருடைய சாண்டர்களுக்குச் சீவாளி செய்யத் தெரிந்த வேறு யாரேனும் உங்கள் பகுதிக்கு அருகில் இருக்கிறார்களா? இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் தரும் கைவினைஞரின் கருவிக்காகச் சில மாதங்களோ ஓராண்டோ காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. இணையச் சந்தைகளில் மிகக் குறைந்த விலைக்கு வரும், செய்தவர் பெயர் தெரியாத தொகுப்புகளில் பலவற்றுக்கு எந்தச் சீவாளியும் ஒழுங்காகப் பொருந்துவதில்லை. அத்தகைய சாண்டருக்குச் சீவாளி செய்ய நல்ல கைவினைஞர்கள் பலர் மறுத்துவிடுவார்கள். அந்த மறுப்பு நியாயமானதே. ஏனெனில் குழலின் குறையைச் சீவாளியால் ஈடுகட்ட முடியாது.

டப்ளினில் 15, ஹென்ரியெட்டா தெருவில் இயங்கும் நா பீபரீ இலியன் என்னும் அமைப்பு, இக்கருவிக்காகவே 1968இல் பைப் கலைஞர்களால் தொடங்கப்பட்டது. இலியன் பைப் இசை 2017இல் யுனெஸ்கோவின் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்குப் பின்னே இவ்வமைப்பின் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. கருவி செய்பவர்களையும் சீவாளி செய்பவர்களையும் ஆசிரியர்களையும் தேடுபவர்கள் முதலில் அணுக வேண்டிய இடம் இதுதான். கற்பவர்களுக்குக் கருவியை இரவல் தரும் ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது. இரவல் கருவி வேலை செய்யும் சீவாளியோடு வரும் என்பதால், நல்ல சீவாளி எப்படி ஒலிக்கும், கைக்கு எவ்வளவு அழுத்தம் கேட்கும் என்பதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே உணர முடிகிறது.

இரண்டாம் படி: செய்பவரைத் தேடுதல்

ஏற்கெனவே சாண்டர் உங்களிடம் இருந்தால், தேட வேண்டிய வரிசை இது. முதலில், அந்தச் சாண்டரைச் செய்தவர். அவர் உயிரோடும் தொழிலிலும் இருந்தால் வேறு யாரையும் தேட வேண்டியதில்லை. அக்குழலுக்குரிய ஸ்டேப்பிள் அளவும் இதழ் அளவும் அவர் பட்டறையில் இருக்கும். அடுத்து, அதே கைவினைஞரின் சாண்டர்களுக்கு வழக்கமாகச் சீவாளி செய்யும் ஒருவர். மூன்றாவதாக, உங்களால் நேரில் செல்லக்கூடிய தொலைவில் உள்ள, எந்தச் சாண்டரையும் கையில் வாங்கிப் பார்த்துச் செய்து தரக்கூடிய அனுபவசாலி.

டினோல் எனப்படும் பைப் கலைஞர்களின் வார இறுதிக் கூடல்கள் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் நடக்கின்றன. கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே ஊரில், பைப் கலைஞர் வில்லி கிளான்சி (1918-1973) நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் நடக்கும் கோடைப் பள்ளியில் பைப் வகுப்புகளோடு சீவாளி செய்யும் வகுப்பும் உண்டு. இத்தகைய கூடல்களுக்குச் சாண்டரை எடுத்துச் சென்றால், சீவாளி செய்பவர் உங்கள் எதிரிலேயே அதைப் பொருத்தி, வாசித்து, ஓரிரு முறை சீவி, மீண்டும் வாசித்துத் தருவார். அரை மணி நேரம் அருகில் அமர்ந்து அதைக் கவனிப்பது பல வாரக் கடிதப் போக்குவரத்தால் கிடைக்காத அறிவைத் தரும். புதியவர் ஒருவர் ஆண்டுக்கு ஒரே ஒரு பயணம் மேற்கொள்ள முடியும் என்றால், அது இத்தகைய கூடலுக்காக இருக்கட்டும்.

மூன்றாம் படி: எழுதிக் கேட்கும்போது சொல்ல வேண்டியவை

நேரில் செல்ல வழியில்லை என்றால் கடிதம் எழுத வேண்டும். அக்கடிதத்தில் சாண்டரைச் செய்தவர் யார், ஏறக்குறைய எந்த ஆண்டு செய்தது, என்ன சுருதி, எந்த மரம், துளைகளைத் திறக்க விரலால் அழுத்தும் சாவிகள் உண்டா என்பவை இடம்பெற வேண்டும். பழைய சீவாளி ஏதேனும் இருந்தால், உடைந்ததாக இருந்தாலும், அதைப் பற்றியும் எழுத வேண்டும். முன்பு ஒரு காலத்தில் அச்சாண்டரில் நன்றாக ஒலித்த சீவாளியின் ஸ்டேப்பிள், புதிதாகச் செய்பவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வழிகாட்டி. உடைந்த சீவாளியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். காலிப்பர் இருந்தால் ஸ்டேப்பிளின் நீளம், அடிப்பக்க வெளிவிட்டம், கட்டுக்கு மேலே தெரியும் இதழின் நீளம், வாயின் அகலம் ஆகியவற்றை அளந்து, தெளிவான படத்தோடு அனுப்பலாம்.

பலரும் சொல்ல மறப்பது தங்கள் வீட்டுக் காற்றைப் பற்றித்தான். அயர்லாந்தின் ஈரமான மேற்குக் கரையில் செய்து முடிக்கப்பட்ட சீவாளி, குளிர்காலம் முழுவதும் வெப்பமூட்டி ஓடும் டொராண்டோ வீட்டில் பெரும்பாலும் வாய் இறுகிப் போகும். நீங்கள் வாசிக்கும் அறையின் ஈரப்பதத்தை ஒரு சிறிய ஈரமானியால் கோடையிலும் குளிர்காலத்திலும் அளந்து சொன்னால், செய்பவர் அதற்கேற்ப வாயைச் சற்று திறந்தோ மூடியோ முடிப்பார். நீங்கள் புதியவர் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். நீண்ட அனுபவம் உள்ளவர் விரும்பும் உரத்த, இறுகிய சீவாளி உங்கள் கையைச் சோர்வடையச் செய்யும். உங்களுக்கு வேண்டியது எளிதில் பேசும், இரண்டாம் ஸ்தாயிக்கு முரண்டு பிடிக்காமல் ஏறும் சீவாளி. சற்றே குரல் குறைந்திருந்தாலும் பரவாயில்லை.

கடிதம் எவ்வளவு விரிவாக இருந்தாலும், சாண்டரையே அனுப்பிவைப்பதற்கு அது ஈடாகாது. விலைமதிப்புள்ள பொருளை அஞ்சலில் அனுப்பத் தயக்கம் வருவது இயல்பு. கடினமான குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் மெத்தென்ற பொதியிட்டு, காப்பீட்டோடு அனுப்பினால் ஆபத்து மிகக் குறைவு. பழைய சீவாளியையும் தனிப் பெட்டியில் உடன் அனுப்புங்கள்.

நான்காம் படி: வந்து சேர்ந்த பின்

பொட்டலம் வந்த அன்றே வாசிக்க வேண்டாம். பயணத்தில் வெவ்வேறு வெப்பநிலையையும் ஈரத்தையும் கண்ட நாணலுக்கு உங்கள் அறையின் காற்றோடு இணங்க இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: பையும் துருத்தியும் காற்றுக் கசியாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பது.

சாண்டரைக் கழற்றிவிட்டு அது பொருந்தும் துளையைத் தக்கையால் இறுக அடையுங்கள். துருத்தியால் பையை விறைப்பாக நிரப்பி, கையை அழுத்தியபடியே வைத்திருங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகும் பை விறைப்பாக இருந்தால் நல்லது. தளர்ந்துவிட்டால் தையலிலோ பொருத்துகளிலோ துருத்தியின் அடைப்பானிலோ கசிவு உண்டு. நல்ல சீவாளியைக் கெட்டது என்று திருப்பி அனுப்புபவர்களில் பலரின் உண்மையான சிக்கல் இதுதான். கசியும் பையோடு வாசிப்பவர் கையை எப்போதும் மிகையாக அழுத்த வேண்டியிருப்பதால், எந்தச் சீவாளியும் அவருக்குக் கடினமாகவே தோன்றும்.

அடுத்து, சீவாளியைப் பொருத்துதல். அதன் தலையையோ வாயையோ ஒருபோதும் பிடிக்கக் கூடாது. நூல் கட்டிய இடத்தில் மட்டும் பிடித்து, மெல்லத் திருகியபடி குழிக்குள் இறக்க வேண்டும். ஸ்டேப்பிளின் அடியில் சுற்றிய மெழுகு நூல் குழியைக் காற்றுப் புகாமல் நிறைக்க வேண்டும். தளர்வாக இருந்தால் நூலை இன்னும் சில சுற்றுகள் சுற்றலாம். செய்பவர் நூலின் மேல் ஏதேனும் குறி இட்டிருந்தால், அந்தக் குறி வரையிலேயே இறக்குங்கள். குறி இல்லை என்றால், அவர் பொருத்தி அனுப்பிய ஆழத்தை நீங்களே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சாண்டரின் மூடியைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் நேராகவே நகர்த்த வேண்டும். சீவாளிகள் உயிரிழப்பது பெரும்பாலும் சாய்ந்து வந்த மூடி வாயில் இடிக்கும் அந்த ஒரு கணத்தில்தான்.

ஐந்தாம் படி: வாசித்துச் சோதித்தல்

புதிதாகக் கற்பவர் தம் காதையும் கையையும் மட்டும் நம்பிச் சீவாளியைப் பற்றித் தீர்ப்பு வழங்கக் கூடாது. விரல் நுனி துளையைச் சரியாக மூடாமல் வரும் கீச்சொலியும், அழுத்தம் சீராக இல்லாமல் வரும் சுருதி அலைவும், சீவாளிக் குறையைப் போலவே ஒலிக்கும். ஆகவே உங்கள் ஆசிரியரோ அனுபவமுள்ள கலைஞர் ஒருவரோ உங்கள் தொகுப்பை, உங்கள் பையோடும் துருத்தியோடும், பத்து நிமிடம் வாசித்துப் பார்ப்பதே மிக நம்பகமான சோதனை. அவர் கையில் நன்றாக ஒலித்தால் குறை சீவாளியில் இல்லை. நீங்கள் தொடர்ந்து பயிற்சி செய்தால் போதும்.

அதற்கு வாய்ப்பு இல்லாதவர்கள் பின்வருமாறு சோதிக்கலாம். சுருதிமானியில் ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாண்டரின் அடியை முழங்காலுக்கு மேலே தூக்கி, எல்லாத் துளைகளையும் மூடிக் கீழ் டி ஸ்வரத்தை ஒலிக்க விடுங்கள். அது நடுங்காமலும் கரகரப்பாகப் பிளவுபடாமலும் நிலைத்து நிற்க வேண்டும். பிறகு சாண்டரை முழங்கால் மேல் வைத்து இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி எனப் படிப்படியாக ஏறுங்கள். அழுத்தத்தை மாற்றாமலே இவை அனைத்தும் ஏறத்தாழச் சுருதியில் விழுந்தால், சீவாளி உங்கள் சாண்டரோடு உறவு கொண்டுவிட்டது என்று பொருள். இடப்பெருவிரலைத் தூக்கினால் வரும் மேல் டி, கீழ் டியின் சரியான மேல் ஸ்தாயியாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தைச் சற்றே கூட்டும்போது இந்த மேல் டி சுருதி இறங்கிச் சரிகிறது என்றால், அது கைவினைஞர்கள் நன்கறிந்த ஒரு குறை. அதை நீங்கள் சரிசெய்ய முயலாமல் செய்தவருக்கே எழுதுங்கள்.

இரண்டாம் ஸ்தாயிக்கான சோதனை தனியானது. சாண்டரை முழங்கால் மேல் அழுத்தி எல்லாத் துளைகளையும் ஒரு கணம் மூடி, கையின் அழுத்தத்தைச் சிறிது கூட்டி இ ஸ்வரத்தைத் திறந்தால் அது மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டும். அங்கிருந்து ஏ, பி வரை ஏற முடிய வேண்டும். பையைப் பிழிய வேண்டிய அளவுக்கு அழுத்தம் கேட்டால் சீவாளி கடினமாக இருக்கிறது. கீழ் ஸ்தாயியில் வாசிக்கும்போதே ஸ்வரங்கள் தாமாக மேலே தாவினால் அது மிகவும் இளகியிருக்கிறது. கடைசியாக, மெதுவான மெட்டு ஒன்றை இருபது நிமிடம் இடைவிடாமல் வாசியுங்கள். தோளும் முழங்கையும் நடுங்கத் தொடங்கினால், குரல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கற்பவருக்கு அது ஏற்ற சீவாளி ஆகாது.

நீங்களே செய்யக்கூடிய சரிசெய்தல்கள்

கற்பவர் செய்யத் தகுந்தவை இரண்டு மட்டுமே.

ஒன்று, சீவாளி அமரும் ஆழத்தை மாற்றுவது. உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். இந்த மாற்றம் சீவாளிக்கு அருகிலுள்ள மேல் கை ஸ்வரங்களில் அதிகமாகவும் அடியிலுள்ள ஸ்வரங்களில் குறைவாகவும் தெரியும். ஆகவே கீழ் டி சரியாக இருந்து மேல் டி மட்டும் ஏறி நின்றால், சீவாளியை மயிரிழை அளவு வெளியே இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

மற்றொன்று, பிரைடில். அதன் தட்டையான இரு முகங்களையும் விரல்களால் மிக இலேசாக அழுத்தினால் வாய் சற்று மூடும்; குரல் மென்மையாகி, குறைந்த அழுத்தத்தில் பேசும், இரண்டாம் ஸ்தாயி எளிதாகும். பக்கவாட்டு விளிம்புகளை அழுத்தினால் வாய் திறக்கும்; குரல் உரக்கும், அழுத்தம் கூடுதலாகக் கேட்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது சிறிது கூடுதலாக அழுத்தியதும் ஒலி முற்றிலும் அடைபட்டு நின்றுவிட்டால் வாய் மிகவும் மூடியிருக்கிறது என்று அறியலாம். ஒரு முறை தொட்டதும் சாண்டரில் பொருத்திச் சில நிமிடம் வாசித்த பிறகே அடுத்த முறை தொட வேண்டும். தொடங்குவதற்கு முன் வாய்ப்பகுதியை நெருக்கமாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும்.

கத்தியையும் உப்புத்தாளையும் தொடாதீர்கள். சீவி எடுத்த நாணலை மீண்டும் ஒட்ட முடியாது. அதேபோல் அறைக் காற்று மாறிய நாளில் எழும் குறைகளுக்காகச் சீவாளியை மாற்றியமைப்பதும் தவறு. இரண்டு நாள் கழித்து வானிலை திரும்பும்போது நீங்கள் செய்த மாற்றமே புதிய குறையாகிவிடும்.

ஈரப்பதமும் பராமரிப்பும்

சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 45 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் பெரும்பாலான சீவாளிகள் நிம்மதியாக இருக்கும். குளிர்காலத்தில் வெப்பமூட்டும் கருவி ஓடும் அறைகளில் இது வெகுவாகக் குறைந்துவிடும். பெட்டிக்குள் கிதாருக்கு வைப்பது போன்ற ஈரப்பதச் சமன்பொதியைப் போட்டு வைத்தால் ஏற்ற இறக்கம் குறையும். ஆனால் வாசிக்கும்போது துருத்தி இழுப்பது அறைக் காற்றை என்பதால், அறையிலேயே காற்றுக்கு ஈரமூட்டும் கருவி ஒன்றை வைப்பதுதான் முழுமையான தீர்வு. வெயில் படும் சன்னலருகிலோ பூட்டிய காருக்குள்ளோ கருவியை விட்டுவைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

புதிய சீவாளி முதல் சில வாரங்களில் குரல் மாறிக்கொண்டே இருக்கும். செய்பவர்கள் பலர் அதைச் சற்று இறுக்கமாகவே முடித்து அனுப்புவது இதற்காகத்தான். நாள்தோறும் வாசிக்க வாசிக்க அது இளகி அமையும். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட நாளுக்கு அரை மணி நேரம் வாசிப்பது சீவாளி பழகுவதற்கு ஏற்றது. முதல் மாதம் முடியும் முன் இறுதித் தீர்ப்புக்கு வராதீர்கள்.

முதல் சீவாளி நன்றாக அமைந்த உடனேயே, அதே கைவினைஞரிடம் அதே சாண்டருக்கு இரண்டாவது ஒன்றையும் சொல்லிவையுங்கள். காத்திருப்பு மாதக்கணக்கில் நீளக்கூடியது என்பதால், ஒன்று உடைந்த பிறகு அடுத்ததைத் தேடத் தொடங்கினால் பயிற்சி நின்றுபோகும்.

செய்யக் கற்றுக்கொள்ளுதல்

பைப் கலைஞர்களிடையே சீவாளியைத் தாமே செய்துகொள்ளும் வழக்கம் ஆழமாக வேரூன்றியது. நா பீபரீ இலியன் அமைப்பும் சீவாளி செய்வதைக் காணொளிகள் வழியாகவும் வகுப்புகள் வழியாகவும் கற்பித்துவருகிறது. என்றாலும் முதல் ஆண்டில் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. தாம் செய்த சீவாளி நல்லதா என்று சொல்ல முதலில் அதை நம்பகமாக வாசிக்கத் தெரிய வேண்டும். இரண்டு ஸ்தாயியிலும் சுருதி தவறாமல் சில மெட்டுகளை வாசிக்க வந்த பிறகு தொடங்கலாம்.

வேலையின் போக்கு சுருக்கமாக இது. நாணல் தண்டை நீளவாக்கில் பிளந்து, அதிலிருந்து வெட்டிய துண்டின் உட்புறத்தை உருளை ஒன்றில் சுற்றிய உப்புத்தாளில் தேய்த்து வேண்டிய வளைவும் தடிமனும் வரச் செய்கிறார்கள். பின் நடுவில் இரண்டாக்கி, வால்பகுதியைக் கூம்பாக நறுக்கி, ஸ்டேப்பிளின் மேல் முகத்தோடு முகம் வைத்து மெழுகு நூலால் கட்டுகிறார்கள். பிரைடிலை மாட்டி, வாயை நோக்கி மெல்ல மெல்லச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு சாண்டரில் வாசித்துப் பார்க்கிறார்கள். காற்றுக் கசிவைச் சோதிக்க வாயின் இரு இதழ்களையும் விரலால் மூடி, ஸ்டேப்பிளின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி இழுக்கிறார்கள். உறிஞ்சிய நிலை நிற்க வேண்டும், இதழை விட்டதும் டப் என்ற ஒலியோடு திறக்க வேண்டும். இவற்றில் தேய்ப்பதும் கட்டுவதும் பயிற்சியால் வந்துவிடும். எங்கே எவ்வளவு சீவுவது என்பதுதான் நீண்ட காலம் எடுக்கிறது. அதை அனுபவசாலி ஒருவரின் அருகில் அமர்ந்து பார்க்காமல் கற்பது கடினம்.

அந்தக் கட்டத்தை அடையும்போது, நன்றாக ஒலிக்கும் உங்கள் பழைய சீவாளியின் எல்லா அளவுகளையும் எடுத்து எழுதி வையுங்கள். ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கவோ, அதன்மேல் கத்தி வைத்துப் பழகவோ வேண்டாம். நீங்கள் செய்யும் ஒவ்வொரு புதிய சீவாளியும் சாண்டரில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றே உங்களிடம் இருக்கும்.